பழைய படமும் குடும்ப வரலாறும்

பழைய வீடுகளின் கூடத்தில், சுவரின் மேற்பகுதியில், சற்றே முன்புறம் சாய்ந்தவாறு, கண்ணாடிச் சட்டமிட்ட படங்கள் வரிசையாகத் தொங்குவதை மாணவ நண்பர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். தலைப்பாகை அணிந்த முதியவர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருப்பார். அவருடைய மனைவியார் கைகளை மடிமேல் வைத்தவாறு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். பின்வரிசையில் மக்களும் மருமக்களும் நிற்பார்கள். முன்வரிசையில் தரையில் குழந்தைகள் அமர்ந்திருப்பார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பிராது. 'இவர்கள் எல்லாரும் யார்?' என்று நீங்கள் கேட்டால், 'நம் முன்னோர்' என்ற ஒரு சொல்லோடு விடை முடிந்துவிடும்.

அந்த ஒரு சொல்லோடு முடித்துக்கொள்ளலாகாது என்பதே இன்று நான் கூற விரும்பும் செய்தி. ஒரு பாடப்புத்தகத்தை எவ்வளவு கருத்தோடு படிக்கிறோமோ, அவ்வளவு கருத்தோடு படிக்கத்தக்கது ஒரு பழைய குடும்பப் படம். அதில் பெருமையும் இருக்கும், வேதனையும் இருக்கும். இரண்டையும் ஒருங்கே படிக்கக் கற்பது எளிதன்று. ஆயினும் கற்றேயாக வேண்டும்.

முதலில், இந்தப் படங்கள் எவ்வாறு நம் வீடுகளுக்கு வந்தன என்பதைச் சிறிது பார்ப்போம். பிரான்சு நாட்டினராகிய தாகேர் என்பவர் கண்ட புகைப்பட முறை 1839ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் உலகுக்கு வெளியிடப்பட்டது. அதன் பின் பதினேழே ஆண்டுகளில், 1856இல், சென்னையில் புகைப்படச் சங்கம் ஒன்று தோன்றிவிட்டது. 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய அதிகாரி மதுரையையும் தஞ்சையையும் சுற்றிக் கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்தார். அந்நாளில் கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, அந்த ஈரம் காய்வதற்குள் படமெடுத்து முடிக்க வேண்டும். ஆதலால் படக்காரர் தம்முடைய இருட்டறையையே கூடாரமாகச் சுமந்து திரிய வேண்டியிருந்தது. 1871இல் மாடக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் உலர்ந்த தகட்டைச் செய்யும் வழியைக் கண்ட பிறகே இத்தொல்லை தீர்ந்தது. முன்கூட்டியே செய்து வைத்த தகடுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, மூன்று கால் தாங்கியும் கறுப்புத் துணியுமாக, நகரத்துப் படக்காரர் கிராமத்துக்கும் வரலானார்.

படம் உண்டாகும் விதத்தையும் அறிந்து கொள்ளுங்கள். தகட்டின்மேல் வெள்ளியின் உப்பு பூசப்பட்டிருக்கும். ஒளி பட்ட இடத்தில் அது மாறுதல் அடையும். பிறகு இருட்டறையில் மருந்து நீரில் இட்டால், ஒளி மிகுதியாகப் பட்ட இடம் கறுக்கும். ஒளி படாத இடம் வெளிறி நிற்கும். ஆகவே முதலில் கிடைக்கும் தகட்டில் வெண்மை கறுப்பாகவும், கறுப்பு வெண்மையாகவும் தலைகீழாகத் தோன்றும். அதன் வழியாக ஒளியைச் செலுத்தித் தாளில் மீண்டும் ஒரு முறை பதித்தால்தான், நாம் சுவரில் மாட்டும் படம் கிடைக்கும். கறுப்பும் வெளுப்பும் இடம் மாறிய அந்தத் தகடு இல்லாமல் இந்தப் படம் இல்லை.

இவ்வாறு ஒரு படம் எடுப்பதற்குப் பணமும் வேண்டும், ஏற்பாடும் வேண்டும். ஆகையால் இன்று கைப்பேசியில் நாளொன்றுக்கு நூறு படம் எடுப்பதுபோல அன்று எடுக்கவில்லை. ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் நாலைந்து படம் எடுத்திருந்தால் அதுவே மிகுதி. திருமணத்துக்கு ஒன்று, அறுபதாம் ஆண்டு நிறைவுக்கு ஒன்று, பட்டம் பெற்ற மகனுக்கு ஒன்று என்ற கணக்குத்தான். எதைப் பிறர் காண வேண்டும் என்று குடும்பத்தார் விரும்பினார்களோ, அதுவே காமிராவின் முன் வைக்கப்பட்டது. காண வேண்டாம் என்று கருதியது கதவுக்குப் பின்னே நின்றது. பழைய படம் பொய் சொல்வதில்லை. ஆனால் அது தன் முன் வைக்கப்பட்டதை மட்டுமே சொல்லும். இதை மறவாதிருந்தால் மற்றவை விளங்கும்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போவதைவிட, எங்கள் குடும்பத்துப் படம் ஒன்றையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். கும்பகோணத்துக்கு அருகில் காவிரிக் கரையில் எங்கள் ஊர். எங்கள் வீட்டுக் கூடத்தில் பல்லாண்டுகளாகத் தொங்கிய ஒரு பெரிய திருமணப் படம் அது. அதன் பின்புற அட்டையில், 'சுக்கில வருடம் மாசி மாதம்' என்று என் பாட்டனார் தம் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். ஆங்கிலக் கணக்கில் அது 1930ஆம் ஆண்டின் தொடக்கம்.

மிக அழகிய படம் அது. பந்தல் கால்களில் வாழை மரங்கள். தரையில் பெரிய கோலம். நடுவில் என் பாட்டனார் கம்பீரமாக அமர்ந்திருக்கிறார். பாட்டியின் மடியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று. அதன் முகம் மட்டும் கலைந்து தெரிகிறது. அந்தக் குழந்தைதான் என் தந்தையார். படக்காரர் 'அசையாதீர்கள்' என்று சொல்லி மூடியைத் திறந்த ஓரிரு வினாடிக்குள் அவர் தலையைத் திருப்பிவிட்டார் போலும். மாப்பிள்ளை கழுத்தில் மாலையோடு விறைத்து நிற்கிறார். வயது பதினைந்தோ பதினாறோ இருக்கும். அவர் பக்கத்தில் ஒரு சிறு நாற்காலியில் மணமகள். தலையில் ராக்கொடி, நெற்றியில் சுட்டி, இடுப்பில் ஒட்டியாணம். அவளுடைய பாதங்கள் தரையை எட்டவில்லை.

அந்த மணமகள் என் தந்தையாரின் மூத்த சகோதரி; எனக்கு அத்தை. அன்று அவருக்கு வயது ஏழு.

இந்த மாசி மாதத்துக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அதைச் சரித்திரப் புத்தகத்தின் துணையின்றி அறிய முடியாது. ஹர் பிலாஸ் சாரதா என்பவர் கொண்டுவந்த குழந்தை மணத் தடைச் சட்டம் 1929ஆம் ஆண்டு நிறைவேறிற்று. பெண்ணுக்குப் பதினான்கு வயதும், ஆணுக்குப் பதினெட்டு வயதும் நிறைந்த பின்பே மணம் செய்விக்க வேண்டும் என்றது அது. மக்கள் அதனைச் சாரதா சட்டம் என்று அழைத்தார்கள். அது நடைமுறைக்கு வந்த நாள் 1930 ஏப்ரல் 1. சட்டம் பிறந்தது, ஆனால் அது விழித்துக்கொள்ள ஆறு மாத இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் நாடு முழுவதும் எண்ணற்ற வீடுகளில் அவசரம் அவசரமாகக் குழந்தைகளுக்கு மணம் செய்து வைத்தார்கள். 1921ஆம் ஆண்டுக் கணக்கில் பதினைந்து வயதுக்கு உட்பட்ட மனைவியர் இந்தியா முழுவதும் ஏறத்தாழ 85 லட்சம் பேர். 1931ஆம் ஆண்டுக் கணக்கில் அத்தொகை 1 கோடியே 20 லட்சத்துக்கு மேல் ஏறியிருந்தது. குழந்தை மணத்தைத் தடுக்க வந்த சட்டமே அதனைச் சில மாதங்களுக்குப் பெருக்கிவிட்டது என்பது நம் சரித்திரத்தின் வருந்தத்தக்க விந்தை. அந்தப் பெருங்கணக்கில் ஒன்று எங்கள் வீட்டுப் பந்தல்.

நான்கு ஆண்டுகள் சென்றன. மாப்பிள்ளை விஷக் காய்ச்சலில் இறந்தார். பதினொரு வயதில் என் அத்தை கைம்பெண் ஆனார். அதன்பின் எங்கள் வீட்டில் எடுக்கப்பட்ட படங்கள் ஒவ்வொன்றையும் நான் தேடிப் பார்த்திருக்கிறேன். 1936ஆம் ஆண்டுப் படத்தில் அவர் இல்லை. 1955இல் என் பெற்றோரின் திருமணம் நடந்தது. அந்தப் படத்திலும் இல்லை. மங்கல நிகழ்ச்சிகளில் கைம்பெண் முன்னே வரலாகாது என்ற வழக்கம் அவரை அடுக்களைக்குள்ளேயே நிறுத்திவிட்டது. அந்தத் திருமணத்துக்கு வந்தவர் அனைவருக்கும் சமைத்தவர்களில் அவரும் ஒருவர். படத்தில் அதற்கு அடையாளம் ஏதும் இல்லை.

மேலே சொன்ன 1936ஆம் ஆண்டுப் படம் வேறு வகையானது. எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் இல்லாதிருந்த காலத்தில், என் பாட்டனார் தம் சொந்த நிலத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, ஓலைக் கொட்டகை போட்டு, ஆரம்பப் பாடசாலை ஒன்று அமையச் செய்தார். கொட்டகையின் முன் முப்பது சிறுவர்கள் நடுவே அவர் நிற்கும் படம் அது. அந்தப் பள்ளியில் படித்தவர்கள் பின்னாளில் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் உயர்ந்தார்கள். ஆசிரியத் தொழிலை நான் மேற்கொண்டதற்கு அந்தப் படமும் ஒரு காரணம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அந்தப் பள்ளி திறந்த நாளில் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி, அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், வீட்டுக்குள் இருந்தாள். ஊருக்குப் பள்ளி தந்தவர் தம் மகளை அதற்கு அனுப்பவில்லை.

அவர் எழுத்தறிந்தது வேறு வகையில். தம்பிமார் மாலையில் திண்ணையில் உரக்கப் பாடம் ஒப்பிப்பார்கள். கதவுக்குப் பின்னிருந்து அதைக் கேட்டுக் கேட்டு, அவர்கள் எறிந்துவிட்ட பழைய புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, தாமே படிக்கக் கற்றுக்கொண்டார். நான் நான்கு வயதுப் பிள்ளையாக இருந்தபோது, அரிசி பரப்பிய தட்டில் என் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதுவித்தவர் அவரே.

சில ஆண்டுகளுக்கு முன், பழைய வீட்டைப் பிரித்துக் கட்டுவதற்காக உறவினர் யாவரும் கூடினோம். திருமணப் படத்தைப் பெரிதாக்கிப் புதிய கூடத்தில் மாட்ட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். கல்லூரியில் படிக்கும் எங்கள் குடும்பத்துப் பெண் ஒருத்தி படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "தாத்தா, இந்தக் கல்யாணப் பெண்ணுக்கு என்ன வயது?" என்று என்னைக் கேட்டாள். நான் சொன்னேன். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒருவர், "அந்தக் காலம் அப்படி அம்மா!" என்றார். "அப்படியானால் இதைச் சுவரில் மாட்டவே கூடாது" என்றாள் அவள். இவ்விருவர் சொன்னதையும் நாம் நிதானமாக ஆராய வேண்டும்.

'அந்தக் காலம் அப்படி' என்பது பாதி உண்மை. சூழ்நிலையின் வலிமை பெரியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் காலத்திலேயே வேறு வகையில் நடந்தவர்களும் இருந்தார்கள். விதவை மறுமணத்தைச் சட்டம் ஏற்றுக்கொண்ட ஆண்டு 1856. அதாவது, சென்னையில் புகைப்படச் சங்கம் தோன்றிய அதே ஆண்டு. 'சுதேசமித்திரன்' பத்திரிகையைத் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர், இளமையிலேயே கணவனை இழந்த தம் மகளுக்கு 1889இல் துணிந்து மறுமணம் செய்து வைத்தார். குழந்தைப் பருவத்திலேயே கைம்பெண்ணான சகோதரி சுப்புலட்சுமி, தம் தந்தையாரின் ஆதரவோடு படித்து, 1911இல் பட்டம் பெற்று, 1912இல் இளம் விதவையர் தங்கிப் படிப்பதற்குச் சென்னையில் ஓர் இல்லம் அமைத்தார். இவை யாவும் எங்கள் வீட்டுப் பந்தலுக்கு முந்தியவை. ஆகவே காலத்துக்குக் குரல் ஒன்றன்று. இரண்டு குரல்களும் என் பாட்டனாரின் காதில் விழுந்தன. அவர் ஒன்றைத் தேர்ந்துகொண்டார். பழியைக் காலத்தின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது நேர்மையாகாது.

அப்படியென்றால், படத்தைக் கழற்றி எறிந்துவிடலாமா? அதுவும் சரியன்று. எறிந்துவிட்டால் பாட்டனாரின் குற்றம் மறையும்; ஆனால் அத்தையின் குழந்தை முகமும் அதனோடு மறைந்துபோகும். அவருக்கு நேர்ந்த அநீதிக்கு நம்மிடம் உள்ள ஒரே சாட்சி அந்தப் படம். சாட்சியை அழித்தல் நீதிக்குத் துணை செய்வதாகாது.

இதைப் பற்றி அத்தையே சொன்ன வார்த்தை ஒன்று உண்டு. 1983இல் நான் ஆசிரியனாகி முதல் மாதச் சம்பளம் வாங்கினேன். அவரைக் கும்பகோணத்துக்கு அழைத்துச் சென்று ஒரு படம் எடுக்க விரும்பினேன். "எனக்கு எதற்கடா படம்?" என்று பல நாள் மறுத்தார். கடைசியில் இசைந்து, கையில் ஒரு புத்தகத்தோடு அமர்ந்தார். முந்திய படத்துக்கும் இதற்கும் இடையே ஐம்பத்து மூன்று ஆண்டுகள். அன்று இரவு பழைய திருமணப் படத்தை இறக்கித் துடைத்து அவர் கையில் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "பாவம், இந்தக் குழந்தைக்கு அன்றைக்கு ஒரே தூக்கம். யாருமே தூங்கவிடவில்லை" என்றார், வேறு யாரையோ சொல்வதுபோல. பாட்டனாரின் உருவத்தின்மேல் விரலை வைத்தார். "அப்பா நல்லவர்தான்டா. ஊருக்கெல்லாம் நல்லது செய்தார். என்னை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை" என்றார்.

அவ்வளவுதான். அதன்பின் 1994இல் அவர் மறையும்வரை அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. நாற்பது ஆண்டு வகுப்பறையில் கற்பித்தும் கற்றும் வந்த நான், நேர்மையான வரலாறு என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டைக் கண்டதில்லை. 'நல்லவர்' என்பதையும் அவர் மறைக்கவில்லை. 'கேட்கவில்லை' என்பதையும் மறைக்கவில்லை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றைக் கழித்துவிடவும் இல்லை. முன்னோரிடம் அன்பு வைப்பதற்கு அவர்களுடைய பிழையை மறைக்க வேண்டியதில்லை. பிழையைச் சொல்வதற்கு அன்பை விட்டுவிட வேண்டியதும் இல்லை.

இனி, நீங்கள் செய்யத்தக்கவை சில. உங்கள் வீட்டுப் பழைய படங்களை எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றைப் பற்றியும் நான்கு கேள்விகள் கேளுங்கள். எப்போது, எங்கே எடுத்தார்கள்? எதற்காக எடுத்தார்கள்? இதில் இருப்பவர்கள் யார் யார்? இருக்க வேண்டியவர்களுள் இல்லாதவர் யார்? நான்காம் கேள்வியை மறந்துவிடாதீர்கள். எங்கள் திருமணப் படத்தின் ஓரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார். அவர் பெயர் இன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் வயல்களில் உழைத்தவராக இருத்தல் கூடும். உரிய காலத்தில் கேளாததனால் நாங்கள் இழந்த பெயர் அது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். பணிவாகக் கேளுங்கள். அவர்கள் சொல்லத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம், காத்திருங்கள். என் அத்தை வாய் திறப்பதற்கு ஐம்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின.

கேட்டறிந்த பெயர்களைப் படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் மெதுவாக எழுதுங்கள்; மை முன்புறம் ஊறிவிடும். படத்தின்மேல் பசையோ ஒட்டும் நாடாவோ படலாகாது. நேர் வெயிலும் ஈரமும் வெள்ளிப் படத்துக்குப் பகை. கைப்பேசியில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்; ஆனால் நகல் இருக்கிறதே என்று மூலத்தை எறிந்துவிடாதீர்கள். நகல் எடுக்கும்போது ஓரத்தில் நிற்பவரை வெட்டிவிடாதீர்கள்.

இன்று நம் நாட்டில் பெண்ணின் திருமண வயது பதினெட்டு என 1978இல் உயர்த்தப்பட்டது. 2006ஆம் ஆண்டில் மேலும் கடுமையான சட்டமும் வந்தது. ஆயினும் குழந்தை மணம் அடியோடு ஒழிந்துவிடவில்லை என்பதை ஆசிரியர்கள் அறிவோம். பள்ளிக்கு வந்துகொண்டிருந்த சிறுமி திடீரென வராமற்போனால், அதன் காரணத்தை நாங்கள் விசாரிப்பதுண்டு. பழைய படத்தைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவர்கள், தம் கண்முன் நடப்பதையும் சரியாகப் படிப்பார்கள் என்பது என் நம்பிக்கை.

எங்கள் புதிய கூடத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். திருமணப் படத்தை மாட்டினோம். அதனருகே அதே அளவில், புத்தகத்தோடு அமர்ந்திருக்கும் அத்தையின் படத்தையும் மாட்டினோம். பாட்டனார் பள்ளிக் கொட்டகையின் முன் நிற்கும் படமும் அங்கே இருக்கிறது. வயதைக் கேட்ட அந்தப் பெண்ணே ஒவ்வொன்றின் கீழும் விவரம் எழுதினாள். திருமணப் படத்தின் கீழ் மணமக்கள் பெயர், ஆண்டு, மாதம், மணமகளின் வயது ஏழு என்பவற்றோடு, 'குடை பிடித்திருப்பவர் பெயர் கேட்டறியப்படவில்லை' என்றும் எழுதியிருக்கிறாள். வருகிற விருந்தினரிற் சிலர் அதைப் படித்துவிட்டுப் பேசாமல் நிற்கிறார்கள். சிலர் எங்களிடம் கேள்வி கேட்கிறார்கள். கேட்டவர்களுக்கு எல்லாவற்றையும் சொல்கிறோம்.